“நோ ரீஃபண்ட்” என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள்; ஜிம்மில் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீண்ட கடிதம், அதன் சுருக்கம் இது.

வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஜிம் ஒன்றில் ஆண்டுச் சந்தா 24,000 ரூபாய், 48 பர்சனல் ட்ரெய்னிங் வகுப்புகளுக்கு 36,000 ரூபாய், ஆக வரியோடு சேர்த்து 60,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜில் சேர்ந்திருக்கிறார். காலை 6 முதல் 7.30 வரை பெண்களுக்கு மட்டும் தனி பேட்ச், பெண் ட்ரெய்னர் என்று சொன்னதால்தான் சேர்ந்ததாக எழுதுகிறார். 10,000 ரூபாயை யுபிஐயில் கட்டினார். மீதி 50,000 ரூபாய்க்கு அங்கேயே உட்காரவைத்து ஆதார், பான் வாங்கி, ஒரு நிதி நிறுவனத்தின் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ போட்டுக் கொடுத்தார்கள். மாதம் 5,000 வீதம் 10 தவணை; மூன்று தவணை போய்விட்டது. இரண்டாம் மாதக் கடைசியில் பெண் ட்ரெய்னர் வேலையை விட்டுப் போனார், லேடீஸ் பேட்ச்சும் பொது பேட்ச்சோடு சேர்க்கப்பட்டது. புதிதாக வந்த ட்ரெய்னர் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் டெட்லிஃப்ட் செய்த மறுநாள் இடுப்பில் கடுமையான வலி. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருப்பது). ஆறு மாதம் எடை தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மேலாளர் படிவத்தின் அடியில் இருந்த “நோ ரீஃபண்ட், நோ கேன்சலேஷன்” வரியைக் காட்டினார். வேண்டுமானால் 5,000 ரூபாய் கட்டி வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். கட்டிய ஜிஎஸ்டியை யாராலும் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார். வாசகியின் கேள்விகள்: கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாதா? அடுத்த இஎம்ஐயை நிறுத்திவிடலாமா? கணவர் போலீசுக்குப் போகலாம் என்கிறார், போகலாமா? நியூயார்க்கில் இருக்கும் அண்ணன், ஜிம் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அங்கே சட்டமே இருக்கிறது என்கிறார், இங்கே உண்டா?

முதலில் அந்த இஎம்ஐ

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்: அடுத்த தவணையை நிறுத்தாதீர்கள். இஎம்ஐயை நிறுத்தினால் ஜிம் வழிக்கு வரும் என்று நினைக்கிறீர்கள். வராது. நீங்கள் அன்று போட்டது ஒரு கையெழுத்து அல்ல, இரண்டு. ஒன்று ஜிம்மோடு, இன்னொன்று நிதி நிறுவனத்தோடு. கடன் தொகை ஜிம்முக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் இப்போது மாதாமாதம் கட்டுவது நிதி நிறுவனத்துக்கு. நிறுத்தினால் ஜிம்முக்கு ஒரு ரூபாய் குறையாது. உங்கள் கிரெடிட் ஸ்கோர் விழும், அபராதம் ஏறும், வசூல் செய்பவர்கள் கூப்பிடத் தொடங்குவார்கள். கடிதத்தின் நடுவில், அடுத்த வருடம் வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 5,000 ரூபாய்க் கோபத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நிதி நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேவை நின்றுபோனதையும், ஜிம்மிடம் பணம் திருப்பிக் கேட்டிருப்பதையும், இனி கட்டும் தவணைகளை உரிமையை விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடனை முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கையும், கடன் ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகப் புகார் செய்யலாம். தவணை ஏற்கெனவே தவறி யாராவது வசூலுக்குக் கூப்பிட்டால், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உறவினர்களுக்குப் போன் போடுவது, மிரட்டுவது இதற்கெல்லாம் யாருக்கும் அனுமதி இல்லை.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. என்னிடம் வருகிற பலர் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் நீங்கள் ஒரு வார்த்தையைக்கூட மாற்றியிருக்க முடியாது. அச்சடித்து நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டீர்கள். இப்படி ஒரு பக்கமே எழுதிய நிபந்தனைகளை அப்படியே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் சொன்னது. அது அடுக்குமாடி வீடு வாங்கியவரின் வழக்கு. ஆனால் அந்த நியாயத்தை இதுபோன்ற வழக்குகளிலும் எடுத்து வைக்கிறோம்.

2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு வகையையே பிரிவு 2(46)-இல் வைத்திருக்கிறது. நடந்த இழப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதம், நுகர்வோரைப் பாதகத்தில் தள்ளும் நியாயமில்லாத நிபந்தனை ஆகியவை அதில் வருகின்றன. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போடுவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முடியாது; சென்னையில் இருக்கும் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். நீங்கள் திருப்பிக் கேட்கப்போகும் 45,000 ரூபாய் சொச்சத்துக்கு (கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) அந்த அலைச்சல் தேவையில்லை. உங்கள் வழக்கைச் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழ் எழுதினால் கோவை மாவட்ட ஆணையத்திலேயே போதும்.

இன்னொரு பழைய சட்டமும் உங்களுக்குத் துணை. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74. ஒப்பந்தத்தை நீங்களே பாதியில் முறித்ததாக வைத்துக்கொண்டாலும், எதிர்த்தரப்புக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே; ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கான உச்சவரம்பு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில், இடம் விற்பவர், வாங்குபவர் கட்டிய 25,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதில் 1,000 ரூபாய் முன்பணத்தை மட்டும் அனுமதித்து, இழப்பு நிரூபிக்கப்படாத 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் ஜிம்மும், நீங்கள் வராத ஒன்பது மாதத்தில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று காட்ட வேண்டியிருக்கும்.

அண்ணன் சொன்னது

அவர் சொன்னது உண்மைதான், நியூயார்க்குக்கு. அங்கே ஜிம் ஒப்பந்தம் போட்ட மூன்று வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். வீடு 25 மைலுக்கு அப்பால் மாறினாலோ, ஆறு மாதத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னாலோ அதன் பிறகும் விலகலாம். ஜிம்களுக்கென்றே எழுதிய சட்டம் அது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ‘எடுத்த பொருளை இத்தனை நாளில் திருப்பிக் கொடுக்கலாம்’ என்ற பொதுவான உரிமையும் இல்லை. வந்தே தீர வேண்டிய சட்டம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வரும் வரை, இங்கே இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

உங்கள் வழக்கு முதுகுவலியில் இல்லை

கடிதத்தின் முக்கால் பங்கு டிஸ்க் பல்ஜ், ஸ்கேன், டாக்டர் சீட்டு என்று போகிறது. லேடீஸ் பேட்ச் நின்றதும் ட்ரெய்னர் போனதும் கடைசியில் நான்கு வரி. சட்டத்தின் கண்ணில் இந்த வரிசை தலைகீழ்.

உடம்புக்கு முடியாமல் விலகுகிறவருக்குப் பணம் தந்தே ஆக வேண்டும் என்று நம் சட்டத்தில் நேரடியாக ஒரு வரி கிடையாது. ஜிம் திறந்துதான் இருந்தது, கருவிகள் இருந்தன, வரமுடியாதது அவர் பிரச்சினை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. அந்த வாதத்தை மட்டும் நம்பினால் பிரிவு 74-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு பகுதிப் பணத்துக்குப் போராடலாம், அவ்வளவுதான்.

அந்த நான்கு வரி வேறு மாதிரி. பெண்களுக்கு மட்டும் பேட்ச், பெண் ட்ரெய்னர், தனிப்பட்ட பயிற்சி என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் மூன்றையும் இரண்டே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். நான்கு பேருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அது பர்சனல் ட்ரெய்னிங்கே அல்ல. சொன்ன சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. இங்கே ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் அல்ல, அவர்கள். “நேரத்தையும் ட்ரெய்னரையும் மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு” என்று ஒரு நிபந்தனை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணியை ஆறரை ஆக்கலாம், ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவரை அனுப்பலாம். அந்த நிபந்தனை அதற்கு. நீங்கள் எதற்காகச் சேர்ந்தீர்களோ அதையே இல்லாமல் ஆக்கிவிட்டு அதைக் காட்ட முடியாது.

ஆகவே சேரும் முன் அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகள், இன்ஸ்டாகிராம் விளம்பரம், வாசலில் வைத்திருந்த பேனரின் படம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். “மேடம், லேடீஸ் பேட்ச் மார்னிங் மட்டும்தான்” என்று அந்த விற்பனைப் பெண் அனுப்பிய செய்தியைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கிற ஆவணங்களில் ஸ்கேன் ரிப்போர்ட்டைவிடப் பெரியது அதுதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள். ஜிம் ஆப்பில் உங்கள் வருகைப் பதிவும் 11 வகுப்புகள் முடிந்த கணக்கும் இருக்கும். உங்கள் கணக்கை அவர்கள் முடக்குவதற்குள் அதையும் படம் எடுத்துவிடுங்கள். உங்களோடு அந்த பேட்ச்சில் இருந்த இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்களே, அவர்களுக்கும் இதே பாதிப்புத்தான். பேசிப் பாருங்கள்.

புதிய ட்ரெய்னர்தான் டிஸ்க் பல்ஜுக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதை உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் வலித்தது என்பது மட்டும் காரணத்தை நிரூபிக்காது. டாக்டர் அப்படி எழுதினால் மருத்துவச் செலவையும் இழப்பீடாகக் கேட்போம். எழுதாவிட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லி நிறுத்திக்கொள்வோம். நிரூபிக்க முடியாத ஒன்றைத் தலைப்பாக்கினால் நிரூபிக்க முடிந்ததும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

எவ்வளவு கேட்கலாம்

முழு 60,000 ரூபாயையும் கேட்க வேண்டும் என்கிறீர்கள். மூன்று மாதம் சந்தாவில் இருந்திருக்கிறீர்கள், 11 வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். பயன்படுத்தியதைக் கழித்துக் கேட்பவரை ஆணையம் நம்பும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், நான் சொல்வது உடனே பிடிபடும்: சந்தாவில் மீதி ஒன்பது மாதத்துக்கு 18,000. வகுப்பு ஒன்றுக்கு 750 வீதம் மீதி 37 வகுப்புக்கு 27,750. மொத்தம் 45,750 ரூபாய்.

ஜிம் இதற்கு ஒரு பதில் சொல்லும்: ஆண்டுச் சந்தா என்பதால்தான் அந்த விலை, மாதக் கட்டணம் 3,500, மூன்று மாதத்துக்கு 10,500 கழிக்க வேண்டும் என்று. அப்படிக் கழித்தால் 41,250 வருகிறது. சமரசம் பேசும்போது இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் எதற்கு ஒப்புக்கொண்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. கடனில் பாக்கி 35,000. அதை ஜிம் நேரடியாக நிதி நிறுவனத்துக்குக் கட்டி முடிக்கட்டும், மிச்சம் உங்கள் கணக்குக்கு வரட்டும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் ஏதாவது இருந்தால் அதுவும் அவர்கள் பொறுப்பு என்று எழுதுங்கள்.

ஜிஎஸ்டியைத் திருப்பித் தர முடியாது என்பதும் தவறு. பணம் திருப்பித் தரும்போது ஜிம் ஒரு கிரெடிட் நோட் (முன்பு போட்ட பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட்டு, கட்டிய வரியைத் தன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் இருக்கிறது.

மாற்று வழிகளும் பார்க்கலாம்

ஆறு மாதம் கழித்து அதே ஜிம்முக்குத் திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சந்தாவை ஃப்ரீஸ் செய்யச் சொல்லலாம், அதாவது தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்லலாம். பெரும்பாலான ஜிம்கள் இதற்குச் சம்மதிக்கும். ஆனால் லேடீஸ் பேட்ச் திரும்ப வராத இடத்துக்கு நீங்கள் போவீர்களா என்று யோசியுங்கள். புதிதாகத் திறந்த ஜிம் ஆறு மாதம் கழித்து இருக்குமா என்பதும் கேள்வி. பெயர் மாற்றம், யாராவது உறவினர் மனமுவந்து எடுத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கடன் உங்கள் பெயரிலேயேதான் இருக்கும். அந்த 5,000 ரூபாயை நான் கட்டச் சொல்ல மாட்டேன்.

போலீஸ் வழி வேண்டாம். ஏமாற்றியதாகக் குற்றம் சாட்ட, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் பேட்ச் நடத்தியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் ஒரு சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கொடுத்து, இது சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ரசீதால் பணம் வராது.

இனி செய்ய வேண்டியது

இதுவரை வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் எதுவும் சொல்லாமல் ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிட்டால், ஜிம் திறந்திருந்தது, அவர்தான் வரவில்லை என்று ஆகிவிடும். இந்த வாரமே மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இப்படி எளிமையாக எழுதினால் போதும்:

“பெண்களுக்கான தனி பேட்ச், பெண் ட்ரெய்னர், தனிப்பட்ட பயிற்சி ஆகியவை உண்டு என்று நீங்கள் உறுதியளித்ததால் இந்தத் தேதியில் சேர்ந்தேன். இந்தத் தேதி முதல் இவை மூன்றும் நிறுத்தப்பட்டன. மேலும் மருத்துவ ஆலோசனைப்படி எனக்குப் பயிற்சி தொடர இயலாது. எனவே இந்தத் தேதி முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். பயன்படுத்தாத சேவைக்கான 45,750 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும்.”

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதைக் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் ஒரு பிராண்ட் பெயர் இருக்கும், நடத்துபவர் ஃபிரான்சைஸ் எடுத்த வேறொருவராக இருப்பார். ரசீதில் ஜிஎஸ்டி எண்ணோடு எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் சட்டப்படி உங்கள் எதிர்த்தரப்பு. இரண்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். 10,000 ரூபாய்க்கு மட்டும்தான் ரசீது தந்தார்கள் என்கிறீர்கள். முழுத் தொகைக்கும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

பதினைந்து நாளில் பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, எதிர்த்தரப்போடு பேசிப் பார்ப்பார்கள். சில சமயம் அதிலேயே வேலை முடிகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். “வழக்கு என்றால் எங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான்” என்று படிவத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடும் உரிமையைச் சட்டமே தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைத்தால் மிதமான ஒரு தொகை, வழக்குச் செலவு, அப்புறம் வட்டி.

நோட்டீஸ் போன பிறகு பல ஜிம்கள் சமரசத்துக்கு வருகின்றன. வந்தால், பணம் வருவதற்கு முன் “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை” என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை, தேதி, கடனை யார் முடிப்பது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பாக்கிக் கடன் அடைந்ததும் நிதி நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று கேட்டு வாங்கி, வங்கியில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் அறிக்கையை எடுத்து, கடன் ‘முடிந்தது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.